வண்டியில் தண்ணியாமை இருக்கிறதா?

பிக்-ஹா அக்கா ஆட்களை வண்டியில் ஏற்றும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள், எடையைத்தான் பார்ப்பாள். கனத்தவர்களைப் பின்சக்கரத்துக்கு நேர்மேலே உட்காரவைப்பாள். ஒல்லியானவர்கள் கடைசி இருக்கைக்குப் போக வேண்டும். இருபத்திரண்டு வருடம் மலைத் தோட்டங்களிலிருந்து முட்டைக்கோஸ் லாரி ஓட்டிய பழக்கம் அது. புருஷனுக்கு முழங்கால் கெட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு லாரியை விற்றுவிட்டாள். கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து, சிறுநீரகம் கழுவும் டயாலிசிஸுக்குப் போகிறவர்களை மலையிலிருந்து கீழே பூலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றபோது, ஒரு வாரம் பதில் சொல்லாமல் இருந்தாளாம்.

"முட்டைக்கோசு பேசாது. மனுஷங்க பேசுவாங்க. அதான் யோசிக்கிறேன்" என்றாளாம்.

யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் ஏழு மணிக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசல். வண்டி பழையது. இரண்டு பக்கமும் கோயிலின் பெயரும், காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களும் சிவப்பு எழுத்தில் இருக்கும். அக்கா ஓட்டும்போது எதுவும் சாப்பிட மாட்டாள், இஞ்சி மிட்டாய் மட்டும் வாயில் இருக்கும். வண்டியில் ஏதாவது சத்தம் மாறினால் மிட்டாயை உருட்டுவது நின்றுவிடும். அதைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

நான் செப்டம்பரில் அந்த வண்டியில் சேர்ந்தேன். ஏறுகிறவர்களுக்குக் கை கொடுப்பது, போர்வை மடிப்பது, கதவைச் சாத்துவது, இவ்வளவுதான் என் வேலை. அதிகம் பேச வேண்டியிருக்காது என்று சொன்னதால்தான் வந்தேன்.

நான்கு பேர் வருவார்கள். அதில் ஓங்-கி மாமா மட்டும்தான் வாய் ஓயாமல் பேசுவார். அறுபத்தெட்டு வயது, பீச் தோட்டமும் கொஞ்சம் முட்டைக்கோசும் வைத்திருந்தவர். மனைவி இல்லை, மகன் தாய்சுங் நகரத்தில் இருந்தான். மெலிந்த உடம்பு என்பதால் கடைசி இருக்கை. அக்காவைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது விடியாது.

"பிக்-ஹா, என்னைக் கயிறு போட்டுக் கட்டலியா? வளைவுல உருண்டு விழுந்துருவேன்."

"உருண்டா அழுகின இலையை உரிச்சிட்டு மறுபடி அடுக்குவேன் மாமா. பேசாம வாங்க."

நவம்பரில் குளிர் இறங்கியது. அப்போதுதான் தெரிந்தது, வண்டியின் ஹீட்டர் சூடாக ஊதவில்லை. அக்கா குமிழைக் கடைசிவரை திருப்பிவைப்பாள். மலை ஏறும்போது கொஞ்சம் வெதுவெதுப்பாக வரும். காலையில் இறங்கும்போதோ முகத்தில் ஈரத்துணியால் அடிப்பது போலக் காற்று வரும். எங்களுக்குச் சூடு வேண்டியது காலையில்தான். கிட்னி கழுவுகிறவர்களுக்குக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. ஓங்-கி மாமாவின் இடது கையில், ஊசி போடுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடத்தில், தொட்டால் பூனை உறுமுவது போல ஒரு அதிர்வு இருக்கும். குளிரில் அந்தக் கையை அவர் சட்டைக்குள்ளே நுழைத்து நெஞ்சோடு வைத்துக்கொள்வார்.

அக்கா கடைக்குப் போய் நான்கு தண்ணியாமைகள் வாங்கிவந்தாள். வெந்நீர் ஊற்றி மடியில் வைத்துக்கொள்ளும் ரப்பர் பையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆமை முதுகு மாதிரி புடைத்திருக்கும். காலையில் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து நான்கையும் நிரப்பி, துணி சுற்றி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பது என் வேலையாயிற்று.

ஓங்-கி மாமா முதல் நாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "குடிக்கத்தான் ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ்னு அளந்து வெச்சிருக்காங்க. மடியில வெக்கவாச்சும் ஒரு லிட்டர் குடுத்தீங்களே" என்றார்.

அந்த மாதமே அக்கா வண்டியைத் தோ-கிம் அண்ணனின் பட்டறைக்கு ஓட்டிப்போனாள். பூலியில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கிறது அது. லாரிக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் போவார்கள். அக்கா வண்டியை விட்டுவிட்டு, பக்கத்து மருந்துக் கடையில் நோயாளிகளின் மருந்தை வாங்கப் போனாள். நான் மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். தோ-கிம் அண்ணன் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டபடியே கேட்டார்.

"தங்கச்சி, இந்த வண்டியில தண்ணியாமை இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"சரி" என்று சொல்லி அவர் வேறு வேலையில் இறங்கிவிட்டார்.

எஞ்சினுக்குள்ளே சூட்டைச் சீராக வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் பட்டறைக்காரர்கள் அதே பேர்தான் சொல்வார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது. இரண்டாவது வார்த்தை பேசக் கூச்சப்பட்டேன். "நாலு இருக்கு" என்று சொல்லியிருந்தால்கூட அன்றே எல்லாம் தீர்ந்திருக்கும்.

அண்ணன் ஹீட்டருக்குப் போகும் குழாய்களைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். துருவும் சேறுமாக வந்தது. "இதான் அடைச்சிருந்துச்சு" என்றார். அக்கா சந்தோஷமாக வண்டியை ஓட்டி வந்தாள். மறுநாள் காலை இறக்கத்தில் மறுபடி ஈரத்துணிக் காற்று.

டிசம்பர் முழுக்க அப்படியே ஓடியது. பாதி வழியிலேயே தண்ணியாமைகள் ஆறிவிடும். ஆறின பை மடியில் இருப்பது இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

ஜனவரி இரண்டாவது வியாழக்கிழமை. திரும்பி வந்து ஓங்-கி மாமாவின் வீட்டு வாசலில் அவரை இறக்கினேன். கையைப் பிடித்தேன், மரக்கட்டை மாதிரி இருந்தது. அவர் அன்று முழுக்க ஒன்றும் பேசவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"பிக்-ஹா, சனிக்கிழமை இங்க நிறுத்த வேண்டாம்" என்றார்.

"மகன் கூட்டிட்டுப் போறானா?"

"இல்ல. போகல. இனிமே போகல."

அக்கா இறங்கி வந்தாள். "என்ன மாமா பேசறீங்க?"

"கோபம் ஒண்ணுமில்ல. வாரத்துக்கு மூணு நாள் விறைச்சுப்போய் எறங்கறேன். அங்க போயி நாலு மணி நேரம் படுத்தா, அங்கயும் குளிரு. வீட்ல அடுப்புப் பக்கத்துல உக்காந்து சாகலாம்னு இருக்கேன். யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம்."

கதவைச் சாத்திக்கொண்டார். நர்ஸ் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்: இரண்டு தடவை தவறினால் நுரையீரலில் தண்ணீர் ஏறும், அப்படியே விட்டால் உயிர் இரண்டு வாரம் தாண்டாது. அக்காவும் அதைக் கேட்டவள்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பாமல் இருந்தாள். வாயில் மிட்டாய் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலையே பட்டறைக்குப் போனோம்.

"ஹீட்டர் சரியாகாம இன்னைக்கு வண்டியை எடுக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

"அதான் கழுவி விட்டேனே அக்கா."

"கழுவினது நல்லா இருக்கு. சூடுதான் வரல."

தோ-கிம் அண்ணன் தலையைச் சொறிந்தார். ஹீட்டரின் பெட்டியையே கழற்றிப் பார்த்துவிடலாம், அதற்கு முன்னிருக்கைகளைக் காலி பண்ணுங்கள் என்றார். நான் போர்வைகளை எடுத்தேன். அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு ரப்பர் பைகளை எடுத்து அவருடைய மேசையில் வைத்தேன்.

"இது என்ன தங்கச்சி?"

"தண்ணியாமை."

அவர் பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நவம்பர்ல நான் உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். வண்டியில தண்ணியாமை இருக்கான்னு."

"இருக்குன்னு சொன்னேன். இதுதான்."

அவர் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாதபடி தோள் குலுங்கியது. எனக்குக் காது எரிந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வண்டியின் முன்மூடியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "அக்கா. எஞ்சின் ஆமை எங்க?"

"புடுங்கிட்டேன்."

"எப்ப?"

"ஜூலைல."

ஜூலையில் நடந்ததை அக்கா அப்போதுதான் சொன்னாள். மதியம் ஏற்றத்தில் வரும்போது சூடு காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய், முன்மூடியிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. கிட்னி கழுவிக் களைத்த நான்கு பேரையும் ஒன்றரை மணி நேரம் ரோட்டோர மரத்தடியில் உட்காரவைக்க வேண்டியதாயிற்று. எஞ்சின் ஆறியதும் இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பார்த்தாள். ஆமை வாயை மூடிக்கொண்டு இறுகிப்போயிருந்தது. லாரி நாட்களில் எல்லோரும் செய்வதுபோல அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மூடியை மட்டும் மாட்டி, ஓடைத் தண்ணீரை ஊற்றி, வீடு வந்து சேர்ந்தாள். அதன் பிறகு முள் எழுந்ததே இல்லை. வண்டி எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறது என்று அவளுக்குப் பெருமை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பேசுவ."

"பேசாம? பனி நாட்டுக்காரனுக்குத்தான் ஆமை, நமக்கு எதுக்குன்னு லாரிக்காரங்க எல்லாரும் புடுங்குறீங்க. லாரியில பின்னாடி என்ன இருந்துச்சு அக்கா?"

"முட்டைக்கோசு."

"முட்டைக்கோசுக்குக் குளிர் நல்லது. ஓங்-கி மாமாவுக்கு?"

அக்கா குனிந்து எஞ்சினுக்குள்ளே பார்த்தாள்.

பிறகு அண்ணன் எனக்குப் புரியும்படி சொன்னார். எஞ்சின் வேலை செய்வதற்கு அதற்கென்று ஒரு சூடு வேண்டும். அந்தச் சூடு வரும்வரை ஆமை வாயை மூடிக்கொண்டிருக்கும். தண்ணீர் முன்பக்கம் காற்றடிக்கிற ரேடியேட்டருக்குப் போகாமல், எஞ்சினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டுமே சுற்றிச் சுற்றிச் சூடேறும். ஆமையின் வயிற்றில் மெழுகு அடைத்திருக்கிறது. எண்பத்திரண்டு டிகிரி வந்ததும் மெழுகு உருகி உப்பி, வாயைத் தள்ளித் திறக்கும். கூடின சூடு ரேடியேட்டருக்குப் போகும். ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் வாயை மூடிவிடும். ஆமை இல்லையென்றால் வாய் எப்போதும் திறந்தே கிடக்கும். காலையில் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கவே வேண்டாம், எஞ்சின் சூடு உண்டாக்குவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் மலைக்காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். ஹீட்டருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

புது ஆமை உள்ளங்கையில் அடங்கியது. பித்தளைத் தட்டு, நடுவே செம்பில் ஒரு குமிழ், ஸ்பிரிங். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவும் ஒரு நாள் வாயை மூடிக்கிட்டா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெருமை எல்லாம் மேலுக்குத்தான். அவளுக்கு அந்த மரத்தடிப் பயம் இன்னும் போகவில்லை.

அண்ணன் செய்துகாட்டினார். தேநீர் போடும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பை மூட்டினார். ஆமையின் வாயை விரலால் நெம்பி ஒரு தையல் நூலை இடுக்கில் கொடுத்து விட்டார். வாய் நூலைக் கவ்விக்கொண்டது. நூலைப் பிடித்து ஆமையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியை மாட்டினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எழுபது. எழுபத்தைந்து. எண்பது தாண்டியதும் அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தாள். எண்பத்திரண்டுக்கு ஒரு நூல் முன்னாலேயோ பின்னாலேயோ, ஆமை நூலை விட்டுவிட்டு டொக்கென்று பாத்திரத்தின் அடியில் விழுந்தது.

"இன்னொரு தடவை" என்றாள் அக்கா.

ஆறவைத்து இன்னொரு தடவை செய்தார். மறுபடி அதே இடத்தில் டொக்.

"வாங்குற எல்லாத்தையும் இப்படிப் பாத்துட்டுத்தான் மாட்டுறேன். அப்படியும் ஒரு நாள் கெடும். கெட்டா எனக்கு போன் பண்ணுங்க. ஓடையில வீசாதீங்க" என்றார்.

"ஓடையில வீசினேன்னு யார் சொன்னது?"

"லாரிக்காரங்க வேற எங்க வீசுவாங்க?"

அக்கா கையுறையை மாட்டினாள். "குடு. புடுங்கினவ நான்தான். நானே வெக்கிறேன்."

தண்ணீரைக் கீழே தொட்டியில் இறக்கினார்கள். பழுப்பாக, ஓடைத் தண்ணீரின் நிறத்தில் வந்தது. அக்கா இரண்டு போல்ட்டையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். உள்ளே வெறும் ஓட்டை. அதில் துணியைச் சுருட்டி அடைத்துவிட்டு, விளிம்பில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங் தாளைக் கத்தியால் சுரண்டினாள். ஒரு துணுக்கும் மிச்சமில்லாமல் விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். ஸ்பிரிங் பக்கம் எஞ்சினைப் பார்த்து, தட்டிலிருக்கும் சின்ன மூச்சுத் துளை மேலே வரும்படி ஆமையை உட்காரவைத்தாள். புதுப் பேக்கிங், மூடி, போல்ட். ஒன்றை ஒரே மூச்சில் முறுக்காமல் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சமாக முறுக்கினாள். ஓடைத் தண்ணீருக்குப் பதிலாக அண்ணன் பச்சைக் கூலன்ட் ஊற்றினார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே வைத்து, ஹீட்டரை முழுக்கத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டார்கள். உள்ளே மாட்டின காற்று குமிழ் குமிழாக வந்தது.

"தங்கச்சி, இந்த மேல் ஹோஸைப் புடி. சூடு வந்ததும் சொல்லு" என்றார் அண்ணன்.

பிடித்தேன். எஞ்சின் பக்கம் கொதிக்கிறது, முள் எழுந்து நிற்கிறது, ஹோஸ் மட்டும் சில்லென்று இருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு நொடியில், யாரோ உள்ளே கதவைத் திறந்தது மாதிரி, ஹோஸ் என் கையைச் சுட்டது.

"வந்திருச்சு" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

சனிக்கிழமை. மற்ற மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஓங்-கி மாமாவின் வாசலில் வண்டியை நிறுத்தினோம். தோட்டத்தில் மிச்சமிருந்த முட்டைக்கோஸ்கள் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. அக்கா எஞ்சினை நிறுத்தவில்லை, ஹார்னும் அடிக்கவில்லை. இறங்கிப் போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. கம்பளித் தொப்பியோடு அவர் நின்றார். முகம் லேசாக வீங்கியிருந்தது.

"நிறுத்த வேண்டாம்னு சொன்னேன்."

"மாமா, ஜூலைல மரத்தடியில உக்கார வெச்சேனே, அன்னைக்கு எஞ்சின்ல இருந்து ஒண்ணைப் புடுங்கி ஓடையில வீசினேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. 'போய்ப் பொழைச்சுக்கோ'ன்னு சொல்லி வீசின. கோயிலுக்கு வர்றவங்க மாதிரி நீயும் ஏதோ உசிருள்ள ஆமையைத் தண்ணியில விட்டுப் புண்ணியம் தேடுறன்னு நெனச்சேன்."

"ஆமைதான். அது இல்லாமத்தான் உங்களுக்கு இவ்வளவு குளிரு. என் தப்பு மாமா. நேத்து புதுசு வெச்சாச்சு."

அவர் அவளையே பார்த்தார். பிறகு வண்டிக் கதவருகே நின்ற என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா எங்க மடியில ஆளுக்கொரு ஆமையை வெச்சு விட்டீங்க. வண்டியோட ஆமையைக் காணோம்னு ஒருத்தருக்கும் தோணலியா?"

"எங்கிட்ட கேட்டாங்க மாமா. நான்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அவரிடம் நான் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் இருமல் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

"நின்னுட்டு இருக்கும்போது சூடாத்தான் இருக்கும்" என்றார். "கண்ணாடி வளைவு தாண்டி இறங்கும்போதுதானே வேலையைக் காட்டும்."

"கண்ணாடி வளைவுல காத்து சில்லுனு வந்தா, அங்கயே திருப்பி உங்களை வீட்ல விட்டுர்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தண்ணியாமை இருந்தது. எங்களை நம்பாமல் அவரே அவர் வீட்டு வெந்நீரில் நிரப்பியது. அக்கா அவரைக் கடைசி இருக்கைக்கு அனுப்பவில்லை. முதல்முறையாக எடையைப் பார்க்காமல், ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்கு நேரே, தனக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தாள்.

மலை இறங்கத் தொடங்கினோம். பின்னால் இருந்து நான் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவில் வைத்திருக்கும் பெரிய குவிந்த கண்ணாடியில் எங்கள் வண்டி சின்னதாகத் தெரிந்தது. அக்கா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். எஞ்சின் சத்தம் இறங்கியது. முள் ஒரு நெல்மணி அளவு கீழே வந்தது. அவள் வாயில் மிட்டாய் நின்றுவிட்டது.

முள் அங்கேயே நின்றது. அதற்குக் கீழே போகவில்லை.

ஓங்-கி மாமா துவாரத்துக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் சட்டைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து, அதையும் வைத்தார். இரண்டு வளைவு தாண்டியதும் தொப்பியைக் கழற்றினார். வூஷே ஊர் வரும்போது தூங்கிப்போயிருந்தார். அக்கா மிட்டாயைக் கடித்து நொறுக்கும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் கை கொடுத்து அவரை இறக்கினேன். கை வெதுவெதுப்பாக இருந்தது. தண்ணியாமை இருக்கையிலேயே கிடந்தது.

"மாமா, இது?" என்று எடுத்து நீட்டினேன்.

இரண்டடி போனவர் திரும்பி வந்து அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"குடு குடு. உள்ள அந்த ரூம் இன்னும் ஐஸாத்தான் இருக்கு. இவங்க எந்த ஆமையைப் புடுங்கி எந்த ஓடையில போட்டாங்களோ, போய்க் கேக்குறேன்."

கதவு வரை போய், நின்று, திரும்பாமலே கேட்டார்.

"பிக்-ஹா, செவ்வாய்க்கிழமை அதே அஞ்சரைதானே?"

"அதே அஞ்சரை. ஆனா பழைய எடத்துக்குப் போயிரணும் மாமா. முன்னாடி எடை பத்தல, வண்டி ஆடுது."